முதல் கேமிங் கணினி: கையில் நூறு பங்கு இருக்கிறது, எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?

#1 முதல்பெட்டி

அனைவருக்கும் வணக்கம். இதுவரை அண்ணனின் பழைய மடிக்கணினியில்தான் விளையாடிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுகளாகச் சேமித்த பணத்தில் முதல்முறையாக ஒரு மேசைக் கணினியை என் கையாலேயே பொருத்தப் போகிறேன். விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் தொகையைச் சொல்லவில்லை. மொத்தத்தை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டு பட்டியல் போட்டிருக்கிறேன்.

செயலி, ஐ7-12700எஃப்: 30
மதர்போர்டு: 14
ரேம், 8 ஜிபி ஒற்றைத் துண்டு: 6
ஹார்ட் டிஸ்க், 1 டிபி: 5
கிராபிக்ஸ் கார்டு, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி: 20
கேபினட், 500 வாட் பவர் சப்ளை சேர்ந்தே வருகிறது: 10
மானிட்டர்: 15

செயலி பலமாக இருந்தால் மற்றவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் சொன்னார்கள். அதனால்தான் அதற்கு இவ்வளவு. எங்கே தவறு இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். ஒருமுறை செலவழித்துவிட்டால் மறுபடி சேர்க்க நாளாகும்.

#2 இரவுக்குருவி

பட்டியலைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகள், தம்பி. எந்த விளையாட்டுகளை விளையாடப் போகிறாய்? மானிட்டர் எந்த அளவு, எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும்? ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய பொருளை வாங்கச் சம்மதமா?

#3 முதல்பெட்டி

நண்பர்கள் நால்வரோடு இரவில் கவுண்டர்-ஸ்டிரைக் 2, வாலரண்ட். தனியாக இருக்கும்போது எல்டன் ரிங், சைபர்பங்க் 2077. மானிட்டர் 1080பி போதும். ஹெர்ட்ஸ் பற்றி யோசிக்கவே இல்லை, அக்கா. பழைய பொருள் என்றால் நேரில் பார்த்துத்தான் வாங்குவேன்.

#4 தாமிரக்கம்பி

எல்லோரும் செயலியையும் கார்டையும் பற்றிப் பேசப் போகிறார்கள். நான் அந்தப் பத்துப் பங்கு வரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கணினி பழுதுபார்ப்பது என் தொழில்.

போன மாதம் ஒருவர் தம் கணினியைக் கொண்டுவந்தார். விளையாட்டு திறக்கும்வரை ஒழுங்காக ஓடுகிறது, காட்சி தொடங்கியதும் பட்டென்று அணைந்துவிடுகிறது என்றார். கார்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி வேறு கார்டும் வாங்கிவிட்டார். அப்போதும் அதே கதை. கேபினட்டோடு வந்த பவர் சப்ளையைக் கழற்றி மேசையில் வைத்தேன். வெளியே பெரிய எழுத்தில் 500 வாட். பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும் சின்ன அட்டவணையில் 12 வோல்ட் வரியில் 18 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்குங்கள்: 216 வாட். கார்டும் செயலியும் சாப்பிடுவது ஏறக்குறைய முழுவதும் அந்த 12 வோல்ட்டைத்தான். மீதி வாட் எல்லாம் 3.3, 5 வோல்ட் வரிகளின் கணக்கு. இன்றைய கணினிக்கு அதில் பெரிய வேலை இல்லை. மூடியைத் திறந்தேன். மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் சுருள் இருக்க வேண்டும். பலகையில் அதற்கான துளைகள் இருந்தன, சுருள் இல்லை. அந்த இடத்தில் இரண்டு கம்பித் துண்டுகளை வளைத்துச் சாலிடர் செய்திருந்தார்கள்.

ஆகவே, வாங்கும்போது பெட்டி மேல் இருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். 12 வோல்ட் வரியின் ஆம்பியரைப் படித்துப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 550 வாட் என்று சொல்லும் நல்ல பவர் சப்ளையில் ஏறக்குறைய அந்த வாட் முழுவதும் 12 வோல்ட்டிலேயே கிடைக்கும். 80 பிளஸ் முத்திரை இருப்பது நல்லது. ஆனால் அது அளப்பது திறனை மட்டும், அதாவது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்பதை. அதிகச் சுமை வந்தால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுமா, மின்னழுத்தம் எகிறினால் மற்ற பாகங்களைக் காப்பாற்றுமா என்பதை அந்த முத்திரை சொல்லாது. அதிமின்னோட்டம், அதிமின்னழுத்தம், அதிவெப்பம், குறுக்குச்சுற்று ஆகிய பாதுகாப்புகள் விவரப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்து எழுதும் விமர்சனங்கள் இணையத்தில் உண்டு. வாங்க நினைக்கும் மாடலின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

இதற்கு மட்டும் ஏழெட்டுப் பங்கு எடுத்து வையுங்கள். அடுத்த கணினிக்கும் இதே பெட்டி உழைக்கும். இன்னொன்று: எல்லாப் பாகங்களையும் பழையதாக வாங்கினாலும் சரி, பவர் சப்ளையை மட்டும் புதிதாக வாங்குங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

#5 சதுரப்புள்ளி

பட்டியலைத் தலைகீழாகத் தொடங்கியிருக்கிறீர்கள் நண்பரே. மானிட்டரிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் வந்துபோகும் ஒவ்வொரு படத்துக்கும், அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது, சுவர் எப்போது உடைகிறது என்று கணக்குப் போட்டு, வரைய வேண்டியதைக் கார்டிடம் ஒப்படைப்பது செயலியின் வேலை. திரையின் அளவு கூடினால் கார்டின் சுமை ஏறும், செயலியின் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். நொடிக்கு எத்தனை ஃபிரேம் வேண்டும் என்பது கூடினால் இருவருக்குமே சுமை ஏறும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிநொடி. 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9.

இப்போது உங்கள் நான்கு விளையாட்டுகளுக்கு வருவோம். எல்டன் ரிங் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் போகாது. அப்படித்தான் அதை உருவாக்கியிருக்கிறார்கள். சைபர்பங்க் 2077 கார்டைப் பிழிந்து எடுக்கும். கவுண்டர்-ஸ்டிரைக்கும் வாலரண்டும் நல்ல கார்டு இருந்தால் செயலியைத்தான் நெருக்கும், ஆனால் அவை 12700எஃப்-இல் இருக்கும் எட்டுக் கோர்களையும் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) நான்கு சிறு கோர்களையும் கேட்பதில்லை. வேகமான ஆறு கோர்கள் கொண்ட செயலி போதும். அதாவது 12700எஃப் செயலிக்குப் போகும் முப்பது பங்கில் பாதியை எடுத்துக் கார்டுக்குக் கொடுத்தால் நான்கு விளையாட்டிலும் பலன் தெரியும். இன்டெலின் ஐ5-12400எஃப், ஏஎம்டியின் ரைசன் 5 5600 இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை).

"செயலி பலமாக இருந்தால் போதும்" என்ற பேச்சு அலுவலகக் கணினிக்குப் பொருந்தும். விளையாட்டுக்கு வாங்கும் பெட்டியில் தனியாக மிகப் பெரிய பங்கு கார்டுக்குத்தான் போக வேண்டும். உங்கள் பட்டியலில் 35 கொடுத்தாலும் அதிகம் என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு எச்சரிக்கை. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு கார்டுகள் விற்கின்றன. முதலில் 2022-ல் வந்த 8 ஜிபி கார்டின் மின்தேவை 130 வாட். 2024-ல் வந்த 6 ஜிபி கார்டு 70 வாட். நினைவகப் பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறைந்தது, கோர்களும் குறைந்தன. பெயரை நம்பி வாங்குபவருக்கு இது பெரிய அநியாயம். 1080பிக்கு என் தேர்வு ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு எட்டு முனை மின்கம்பி போதும்.

#6 பழையஇரும்பு

புதிதாக எதையும் வாங்காமலேயே இதைச் செய்யலாம். அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. ஐ5-8500 செயலி இருக்கும் பெட்டி ஒன்றைப் பாருங்கள். ஆறு கோர். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் முதல் இன்டெல் தலைமுறை அது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் அதற்கு முந்தைய தலைமுறைகளை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. அதில் ஒரு கார்டைச் செருகினால் கேமிங் கணினி தயார். மிச்சப்படும் பங்கில் நல்ல மானிட்டர் வாங்கலாம்.

#7 தாமிரக்கம்பி

> அதில் ஒரு கார்டைச் செருகினால்

எந்தக் கார்டை, ஐயா? அந்தப் பெட்டிகள் பலவற்றில் பவர் சப்ளையின் வடிவமும் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. கடையில் கிடைக்கும் பவர் சப்ளை உள்ளே உட்காராது. கார்டுக்கென்று தனி மின்கம்பியும் பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் (சுருக்கமாகப் பிசிஐ) ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் போட முடியும்.

#8 பழையஇரும்பு

உண்மைதான், மறுக்கவில்லை. சதுரப்புள்ளி மேலே குறை சொன்ன அந்த 70 வாட் 3050-க்கு உரிய இடம் அதுதான். தனி மின்கம்பி வேண்டாம், குட்டை வடிவிலும் வருகிறது. கையில் ஐம்பது பங்கு மட்டும் இருப்பவருக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நூறு பங்கு இருப்பவர் அந்த 75 வாட் வேலிக்குள் போய் அடைபட வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

#9 ஒருபடி

நான் வேறு பாதையில் வந்தவன், அதையும் சொல்லிவிடுகிறேன். ரைசன் 5 5600ஜி செயலி வாங்கினேன். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, தனிக் கார்டு தேவையில்லை. இரண்டு ஆண்டுகள் அதிலேயே விளையாடினேன். வாலரண்ட் நன்றாகவே ஓடியது. பெரிய விளையாட்டுகளில் தெளிவைக் குறைத்து, நிழல்களை அணைத்து, நொடிக்கு 30 ஃபிரேமுக்கு ஒத்துக்கொண்டேன். பிறகு பணம் சேர்ந்ததும் கார்டு போட்டேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? முதலில் மற்ற பாகங்களைத் தரமாக வாங்குங்கள். கார்டு பின்னால் வரட்டும்.

#10 இரவுக்குருவி

அண்ணா, அந்தப் பாதையை நான் குறைவாகப் பேசமாட்டேன், என் தங்கையின் கணினியும் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் 5600ஜி, பெயரில் ஓர் எழுத்து மட்டும் கூடிய 5600 அல்ல. 5600-இல் எல்3 கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி, ஜியில் 16. 5600 பிசிஐ 4.0 பேசும், ஜி 3.0 வரைதான். கவுண்டர்-ஸ்டிரைக் 2 போன்ற விளையாட்டில் அந்தக் கேஷ் வித்தியாசம் நேராகவே தெரியும். இரண்டு ஆண்டு கழித்துக் கார்டு வாங்கும்போது செயலி பின்தங்கி நிற்கும்.

பணம் உண்மையிலேயே இரண்டு தவணையாகத்தான் வரும் என்றால் உங்கள் வழி சரி. இந்தத் தம்பியின் கையில் முழுப் பணமும் இருக்கிறது. காத்திருக்க வேண்டிய காரணம் இல்லை.

#11 ஒருபடி

கேஷ் விஷயம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று என்னிடம் வேறு வழி இருந்திருக்காது. ஆனால் இவருக்கு நீங்கள் சொல்வதே பொருந்தும்.

#12 மின்மினி_7

8 ஜிபி கார்டை இன்று வாங்கச் சொல்வது சரியா? புதிய விளையாட்டுகள் 1080பியிலேயே அதைத் தாண்டுகின்றன. இன்டெலின் ஆர்க் பி580 கார்டு 12 ஜிபியோடு வருகிறதே.

#13 சதுரப்புள்ளி

நல்ல கேள்வி. கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் சராசரி ஃபிரேம் எண்ணிக்கை அழகாகத்தான் தெரியும். ஆனால் திரும்பும்போது ஒரு குலுக்கல், கதவைத் திறக்கும்போது ஒரு தடங்கல், சில இடங்களில் சுவரின் ஓவியம் மங்கலாகவே நின்றுவிடும். அப்போது டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) அமைப்பை ஒரு படி இறக்க வேண்டும். 1080பியில் அந்த ஒரு படியோடு 8 ஜிபி இன்னும் தாக்குப்பிடிக்கிறது. பணம் எட்டினால் 12 ஜிபி நிச்சயம் நல்லது.

பி580 நல்ல கார்டுதான். இரண்டு நிபந்தனைகள் உண்டு. மதர்போர்டில் ரீசைசபிள் பார் வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் செயலி ஒரே நேரத்தில் அணுக விடுவது) இருக்க வேண்டும், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) அது இயக்கத்தில் இருக்க வேண்டும். மற்றது, அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் செயலியிடம் கூடுதல் வேலை வாங்குகிறது. ரைசன் 5 2600 போன்ற பழைய செயலியோடு சேர்த்தால் விமர்சனங்களில் காட்டும் வேகம் கிடைப்பதில்லை. 5600-இலும் சில விளையாட்டுகளில் கொஞ்சம் இழக்கிறது. விமர்சகர்கள் கார்டுகளைச் சோதிப்பது உச்ச விலைச் செயலியோடு என்பதை மறக்க வேண்டாம். 190 வாட் என்பதால் பவர் சப்ளைக் கணக்கும் மாறும். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி பழையது நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் பாருங்கள். அதிலும் 8 ஜிபி வகை ஒன்று இருக்கிறது, அதன் நினைவகப் பாதை குறுகியது. எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

#14 முதல்பெட்டி

நூறு நன்றிகள். கார்டுக்கு அதிகம், செயலிக்குக் குறைவு, பவர் சப்ளை தனியாக என்பது புரிந்துவிட்டது. பழைய கார்டு ஒன்று, ஆர்எக்ஸ் 6600, பக்கத்திலேயே ஒருவர் விற்கிறார். நேரில் போய்ப் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? இன்னொருவர் ஆர்எக்ஸ் 580-ஐப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்.

#15 பழையஇரும்பு

580 வேண்டாம். இரண்டு காரணங்கள். 580 என்ற பெயரிலேயே 2048எஸ்பி என்று ஒரு வகை சுற்றுகிறது. உண்மையான 580-இல் 2304 ஷேடர்கள் (கார்டின் சிறு கணக்கீட்டு அலகுகள்). இதில் 2048 மட்டும், அதாவது 570-இன் எண்ணிக்கை. விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம், ரே டிரேசிங் (ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லாத கார்டில் தொடங்கவே மறுக்கும் விளையாட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. டூம்: தி டார்க் ஏஜஸ் அப்படித்தான். ஜிடிஎக்ஸ் 1060 தருகிறேன் என்று யாராவது வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கும் ரே டிரேசிங் கிடையாது, அந்தத் தலைமுறைக்கான புதிய விளையாட்டு டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது.

இனி 6600-ஐப் பார்க்கப் போகும்போது. கணினியில் மாட்டி ஓடும் நிலையில் காட்டச் சொல்லுங்கள். கழற்றி மேசையில் வைத்திருக்கும் கார்டைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். முதலில் அணைத்த நிலையில் விசிறியின் நடுப்பகுதியை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. பின்பக்கத் திருகுகளைப் பாருங்கள். தலையில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது தவறில்லை, ஏன் திறந்தார் என்று கேளுங்கள். சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றினேன் என்று சட்டென்று சொன்னால் நல்லது. மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். கார்டின் விளிம்பில் எண்ணெய் போலப் பிசுபிசுப்பு இருந்தால் வெப்பப் பட்டையிலிருந்து சிலிக்கோன் எண்ணெய் கசிந்திருக்கிறது. நீண்ட நாள் சூட்டிலேயே ஓடியிருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

பிறகு ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பெயர், ஷேடர் எண்ணிக்கை, நினைவக அளவு மூன்றையும் அதிகாரபூர்வ விவரத்தோடு ஒப்பிடுங்கள். பயாஸை மாற்றி எழுதிப் பழைய கார்டைப் புதிய பெயரில் விற்கும் ஏமாற்று உண்டு. கடைசியாக, அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதாது. கோளாறுகள் சூடேறிய பிறகே தலைகாட்டும். திரையில் நிறப்புள்ளிகள் மினுக்கினால், வெப்பநிலை நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் வேண்டாம்.

கிரிப்டோ நாணயச் சுரங்கத்தில் இரவுபகலாக ஓடிய கார்டா என்று பயப்படுபவர்கள் அதிகம். ஈதீரியம் நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியபோது அந்தக் கார்டுகள் சந்தையில் குவிந்தன. விசிறியும் வெப்பப் பட்டையும் தேய்ந்திருக்கலாம், சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மேலே சொன்ன சோதனையில் தேறினால் நான் வாங்குவேன்.

#16 இரவுக்குருவி

ரேமையும் ஹார்ட் டிஸ்க்கையும் யாரும் தொடவில்லையே. 8 ஜிபி ஒற்றைத் துண்டு கூடாது, தம்பி. 16 ஜிபி வேண்டும், அதுவும் இரண்டு எட்டாக. டிடிஆர்4 3200 வகை ரேமில் ஒரு துண்டு நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும். இரண்டு துண்டு இரண்டு பாதையில் உட்கார்ந்தால் 51.2. செயலி ரேமுக்காகக் காத்திருக்கும் நேரம் குறைகிறது, விளையாட்டில் திடீர்த் தடங்கல்களும் அதோடு குறைகின்றன.

ரேம் விலை 2025 கடைசியிலிருந்து எகிறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்கின்றன. அதனால் பழைய வழிகாட்டிகளில் ரேமுக்கு ஐந்து பங்கு என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். டிடிஆர்4 பழையதாக வாங்கினாலும் பயமில்லை, சோதிப்பது எளிது: மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளை ஓர் இரவு ஓடவிட்டு, காலையில் பிழை எண்ணிக்கை சுழியமா என்று பார்.

விண்டோஸை ஹார்ட் டிஸ்க்கில் போடாதே. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு 550 எம்பி படிக்கும். அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி பல ஆயிரம். ஆனால் விளையாட்டு திறக்கும் நேரத்தில் சாட்டாவுக்கும் விலை உயர்ந்த என்விஎம்இக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் சில நொடிகள்தான். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்குப் போவதுதான் பெரிய தாவல். எஸ்எஸ்டியின் நினைவகச் சில்லு கியூஎல்சி வகையாக இருந்தால் தவிர்த்து டிஎல்சி வகையாகப் பார், அது போதும்.

#17 மின்மினி_7

விண்டோஸ் உரிமத்துக்கும் பணம் வேண்டுமே. லினக்ஸ் போடலாமா?

#18 சதுரப்புள்ளி

கவுண்டர்-ஸ்டிரைக் 2 லினக்ஸில் நேரடியாகவே ஓடும். எல்டன் ரிங், சைபர்பங்க் இரண்டும் புரோட்டான் (விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) வழியே நன்றாக ஓடுகின்றன. வாலரண்ட் ஓடாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விடாது. நண்பர்கள் நால்வரும் வாலரண்டில் இருக்கும்போது இவர் மட்டும் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

#19 முதல்பெட்டி

6600-ஐ வாங்கிவிட்டேன்! விற்றவர் பொறுமையாக நாற்பது நிமிடம் சைபர்பங்க் ஓட்டிக் காட்டினார். திருகில் கீறல் இருந்தது. கேட்பதற்கு முன்பே பேஸ்ட் மாற்றியதைச் சொன்னார். திருத்திய பட்டியல்:

செயலி, ரைசன் 5 5500: 11
மதர்போர்டு, ஏ520, இரண்டு ரேம் ஸ்லாட்: 9
ரேம், 8 ஜிபி இரண்டு: 13
எஸ்எஸ்டி, 1 டிபி என்விஎம்இ: 11
ஆர்எக்ஸ் 6600, பழையது: 22
பவர் சப்ளை, 550 வாட்: 8
கேபினட், முன்பக்கம் கண்ணாடி: 6
மானிட்டர், 1080பி 144 ஹெர்ட்ஸ்: 17

மூன்று பங்கு மிச்சம்.

#20 இரவுக்குருவி

மிச்சமான மூன்றை அப்படியே செயலியில் போடு. 5500 என்பது 5600ஜியின் அதே சில்லு, கிராபிக்ஸ் மட்டும் அணைக்கப்பட்டது. அதே 16 எம்பி கேஷ், அதே பிசிஐ 3.0. நான் மேலே சொன்னது எல்லாம் இதற்கும் பொருந்தும்.

#21 தாமிரக்கம்பி

கேபினட்டின் முன்பக்கக் கண்ணாடியை மறுபரிசீலனை செய்யுங்கள். காற்று எங்கிருந்து வரும்? முன்னால் வலை வைத்த எளிய கேபினட் அதைவிடக் குறைவான விலைக்குக் கிடைக்கும். அதில் மிச்சமாவதை மதர்போர்டில் சேர்த்து, நான்கு ஸ்லாட் உள்ள பி550 மதர்போர்டு பாருங்கள். இரண்டே ஸ்லாட் என்றால் நாளை 32 ஜிபிக்குப் போகும்போது இன்று வாங்கிய இரண்டு துண்டையும் கழற்றி எறிய வேண்டும். ரேம் விற்கும் விலையில் அது வயிற்றெரிச்சல். பி550-இல் கார்டுக்குப் பிசிஐ 4.0-உம் கிடைக்கும், ஏ520-இல் 3.0தான்.

#22 ஒருபடி

ஏஎம்4 (5600 உட்காரும் செயலி சாக்கெட்) பழைய மேடை, அதற்கு அடுத்து வந்த ஏஎம்5 வாங்கினால் எதிர்காலத்தில் செயலியை மாற்றலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அது உண்மை. ஆனால் ஏஎம்5 டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். செயலி, மதர்போர்டு, ரேம் மூன்றும் ஏறும். அந்த ஏற்றம் இந்த நூறு பங்கில் கார்டின் வயிற்றில்தான் அடிக்கும்.

#23 முதல்பெட்டி

5600, பி550 நான்கு ஸ்லாட், வலை கேபினட். முடிவு செய்துவிட்டேன். கணக்கு சரியாக நூறு.

#24 முதல்பெட்டி

எல்லாப் பொருளும் வந்துவிட்டன. காலை முதல் மதியம்வரை உட்கார்ந்து பொருத்தினேன். பொத்தானை அழுத்தினால் விசிறிகள் எல்லாம் சுற்றுகின்றன, கார்டில் விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் இல்லை. மதர்போர்டின் மூலையில் சிறு விளக்கு ஒன்று மஞ்சளாக எரிகிறது. ஏதாவது எரிந்துவிட்டதோ என்று கை நடுங்குகிறது. யாராவது இருக்கிறீர்களா?

#25 தாமிரக்கம்பி

இருக்கிறேன். பயப்படாதே தம்பி, பத்தில் ஒன்பது முறை இது சின்ன விஷயம். முதலில் சுவிட்சை அணைத்துக் கம்பியைப் பிடுங்கு. பிறகு ஒவ்வொன்றாகப் பார்: மானிட்டர் கம்பி கார்டில் இருக்கிறதா, மதர்போர்டிலா? 5600-இல் உள் கிராபிக்ஸ் இல்லை, மதர்போர்டு துளையில் செருகினால் படமே வராது. செயலிக்கான எட்டு முனை மின்கம்பி, மதர்போர்டின் மேல் இடது மூலையில், செருகியிருக்கிறாயா? அந்த மஞ்சள் விளக்கின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

#26 முதல்பெட்டி

கம்பி கார்டில்தான் இருக்கிறது. எட்டு முனையும் செருகியிருக்கிறேன். விளக்கின் பக்கத்தில் டிராம் என்று எழுதியிருக்கிறது.

#27 தாமிரக்கம்பி

ரேம்தான். உன் பலகையில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும் தாழ் இருக்கும், மறுமுனை அசையாது. தாழ் உள்ள பக்கம் "கிளிக்" என்றதும் பலர் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும், மறுபக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டையும் கழற்று. செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் வை. தாழ் இல்லாத பக்கத்தை முதலில் கட்டைவிரலால் அழுத்து, பிறகு தாழ் உள்ள பக்கம். நீ நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்த வேண்டும்.

#28 முதல்பெட்டி

வந்துவிட்டது!! பயாஸ் திரை வந்துவிட்டது! நீங்கள் சொன்னபடியே கார்டுப் பக்கத்து முனை தூக்கிக்கொண்டு இருந்தது, தங்க நிறக் கோடு மெல்லியதாகத் தெரிந்தது. அழுத்தியதும் இரண்டாவது முறை ஒரு சத்தம். அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

#29 சதுரப்புள்ளி

வாழ்த்துகள்! பயாஸில் இருக்கும்போதே எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் 3200 ரேம் 2133 அல்லது 2666-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் நிறுவியதும் திரை அமைப்பில் புதுப்பிப்பு வீதத்தை 144 ஹெர்ட்ஸாக மாற்றுங்கள். தானாக மாறாமல் 60-இலேயே நிற்பது உண்டு; அப்படியே மாதக்கணக்கில் விளையாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

#30 முதல்பெட்டி

இரண்டையும் செய்துவிட்டேன். 60-இல் இருந்து 144-க்கு மாற்றி, மேசைமேல் சுட்டியைச் சும்மா வட்டமாகச் சுற்றினேன், அதிலேயே தெரிகிறது. ஆனால் சைபர்பங்க் ஒரு மணி நேரம் ஓடியபின் செயலி 88 டிகிரி காட்டுகிறது. இது சரியா?

#31 தாமிரக்கம்பி

உடனடி ஆபத்து இல்லை, அந்தச் செயலியின் எல்லை 90 டிகிரி. ஆனால் அந்தக் கேபினட்டில் அவ்வளவு ஏறக் கூடாது. முன் விசிறிகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? விசிறியின் சட்டம் குறுக்கே ஓடும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன் விசிறியில் அந்தப் பக்கம் கேபினட்டின் உள்ளே இருக்க வேண்டும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை முன் வலைமேல் வை. ஒட்டிக்கொண்டால் சரி. பறந்தால் திருப்பி மாட்டு.

#32 முதல்பெட்டி

பறந்தது. இரண்டு முன் விசிறிகளும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. எட்டுத் திருகு கழற்றி, திருப்பி மாட்டி, மறுபடி ஒரு மணி நேரம் ஓட்டினேன். இப்போது 76.

இரவுக்குருவி அக்கா, இன்றிரவு ஒன்பது மணிக்கு நண்பர்கள் மூவர்தான் வருகிறார்கள், ஐந்தாவது ஆள் இல்லை. நீங்கள் வர முடியுமா?

#33 இரவுக்குருவி

வருகிறேன். அழைப்பை அனுப்பு.